குருவிச் சுவரும் என் ஆய்வேடும்

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற துறையிலிருந்து மூன்று ஆய்வு மாணவிகள் வீட்டுக்கு வந்தார்கள். உயிரினப் பாதுகாப்பில் பல்துறை ஆய்வு செய்ய மூவருக்கும் உதவித்தொகை கிடைத்திருக்கிறதாம். "மேடம், இந்த மாதிரி ஆராய்ச்சியை நம்ம பக்கத்துல முதல்ல பண்ணவங்கள்ல நீங்களும் ஒருத்தர். உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க, எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்கள். அதில் ஒரு பெண் தன் கைபேசியை எடுத்து நீட்டினாள். இப்போதெல்லாம் கிராமத்தில் கேட்கும் கேள்விகள் எல்லாம் கைபேசியிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு பதில்கள். ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த கேள்வி திறக்கும்.

"இதுல 'மற்றவை'ன்னு ஒரு கட்டம் இருக்குமே, எங்கே காணோம்?" என்று கேட்டேன்.

"அதை எடுத்துட்டோம் மேடம். அனாலிசிஸ்ல ஒரே தொந்தரவு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் செய்ததை அவள் இயந்திரத்தில் செய்கிறாள், அவ்வளவுதான். கேட்டார்கள் அல்லவா, எழுதுகிறேன். படித்துவிட்டு உபயோகமா இல்லையா என்று அவர்களே சொல்லட்டும்.

நான் விருத்தாசலத்துக்காரி. அப்பா செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் அச்சு வார்த்தவர். ஃபியூஸ் கட்டை, டீ கப், நவராத்திரி நெருங்கினால் கொலு பொம்மை. பள்ளி, கல்லூரி, விலங்கியலில் முதுகலை எல்லாம் நல்ல மதிப்பெண்ணோடு முடிந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. முதுகலை முடித்த வருஷம் அப்பாவின் யூனிட்டை மூடிவிட்டார்கள். அதே வருஷம் எனக்கு முனைவர் பட்டத்துக்கான உதவித்தொகை கிடைத்தது. வீட்டில் மாதம் பிறந்தால் வருகிற ஒரே வருமானம் அதுதான். கரும்பு தின்னக் கூலியா என்று உறவுக்காரர்கள் கேலி செய்தார்கள். மூன்று வருஷத்தில் ஆய்வேடு கொடுக்கவில்லை என்றால் கூலியும் இல்லை, கரும்பும் இல்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

'பல்துறை' என்ற வார்த்தை அப்போது புதுசு. பறவையையும் பார்க்க வேண்டும், அந்த இடத்தில் பிழைக்கிற மனிதர்களையும் பார்க்க வேண்டும், இரண்டையும் சேர்த்துப் பாதுகாப்புக்கு வழி சொல்ல வேண்டும் என்பது பணம் கொடுத்தவர்களின் நிபந்தனை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை கீழ்த்தளம், பொருளியல் துறை மாடி. அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கியது நான் ஒருத்திதான். மேலே இருந்தவர் கீழே வந்ததில்லை, கீழே இருந்தவர் மேலே போனதில்லை.

கீழே இருந்தவர் என் வழிகாட்டி. எல்லோருக்கும் 'சார்'. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் எழுதிக் கொண்டுபோகும் தாளைக் கையில் வாங்கியதும் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி மேசை மேல் நிமிர்த்தி வைப்பார். படித்து முடித்து மூடியைத் திரும்ப மாட்டினால் பிழைத்தேன். மாட்டாமல் என்னைப் பார்த்து, "இதுக்கு எவிடன்ஸ் என்னம்மா?" என்றால் அந்த வாரம் முழுக்கத் தூக்கம் போச்சு. வயல் குறிப்பைப் பென்சிலில்தான் எழுத வேண்டும், வியர்வையில் மை கரையும். ரப்பரால் அழிக்கக் கூடாது. தவறை ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம்: "கண்ணால பார்த்ததைப் பச்சை நோட்டுல எழுது. காதால கேட்டதைப் பழுப்பு நோட்டுல எழுது. ரெண்டையும் கலக்காதே." நானும் கலக்கவில்லை. அந்த ஒழுங்கைப் பற்றி ரொம்ப நாள் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

நான் எடுத்துக்கொண்ட இடம் ஒரு களிமண் குழி. வேப்பூர் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, முந்திரித் தோப்பைத் தாண்டி நடக்க வேண்டும். மேலே ஆள் உயரத்துக்குச் சிவந்த மணற்பாங்கான மண், அதற்குக் கீழே செராமிக் யூனிட்டுகளுக்குப் போகிற வெள்ளைக் களி. மண் வெட்டுகிறவர்கள் கீழே இருப்பதை எடுப்பதற்காக மேல்மண்ணைச் சுவர் மாதிரி நேராக வெட்டி வைத்திருப்பார்கள். அந்தச் சுவரில்தான் பஞ்சுருட்டான் பொந்து போடும். பச்சை உடம்பு, மெல்லிய வளைந்த அலகு. பறந்தபடியே தட்டானையும் தேனீயையும் பிடிக்கிற பறவை. மண் வெட்டுகிறவர்கள் அதைப் பச்சைக்குருவி என்றார்கள்.

மாசி பிறந்தால் விடியற்காலை பஸ்ஸில் போய்விடுவேன். சுவரில் முளையடித்து வெள்ளை நூலால் கட்டம் கட்டுவேன். ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு எண். எது குடியிருக்கிற பொந்து, எது காலி என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது ஒவ்வொரு வாயிலும் ஒரு ஈர்க்குச்சியைக் குறுக்கே வைத்துவிட்டு வருவேன். மறுநாள் குச்சி விழுந்து கிடந்தால் பறவை போய் வந்திருக்கிறது. அடியில் தட்டான் இறக்கை சிதறிக் கிடந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது. பல் மருத்துவர் வைத்திருக்கிற சின்னக் கண்ணாடியை மூங்கில் குச்சியில் கட்டி, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பேன். முதல்முறை நாலு குஞ்சுகள் கண்ணாடியில் தெரிந்தபோது சந்தோஷத்தில் குழிக்குள்ளேயே கத்திவிட்டேன்.

"என்னாங்க டீச்சரம்மா, பாம்பா?" என்று மண்வெட்டியோடு ஓடி வந்தவர் கலியன். அந்தக் குழியில் வேலை செய்த ஆறு குடும்பங்களுக்கும் அவர்தான் முன்னத்தி ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"பாம்பு இல்லீங்கண்ணே, குஞ்சு. நான் டீச்சரும் இல்லீங்க."

"நோட்டும் பென்சிலும் வச்சிருந்தா டீச்சருதான். நீங்க கத்துன கத்துல என் பொண்டாட்டி தூக்குச்சட்டிய கீழ போட்டுட்டா. கூழு ஊத்தறது யாரு?" என்று சிரித்தார். அன்றிலிருந்து நாங்கள் பேச ஆரம்பித்தோம்.

இரண்டாம் வருஷம் மக்களிடம் கேட்கும் வேலை. மாடியில் இருந்த பொருளியல் பேராசிரியர் தயாரித்த கேள்வித்தாள் அச்சாகி வந்தது. பதினான்காவது கேள்வி: 'களிமண் வெட்டுவதால் பறவைகளுக்கு ஏற்படும் பாதிப்பு எவ்வளவு?' பதில்கள்: அதிகம், ஓரளவு, இல்லை, தெரியாது, மற்றவை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கலியனிடம் கேட்டேன்.

"பாதிப்பா?" என்று அவர் விரலை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நாங்க வெட்டலன்னா அதுங்க ஏதும்மா இங்க? வருஷா வருஷம் தை கடைசியில நாங்க சொவர செதுக்கி வுடுவோம், மண்ணு தலைல வுழாம இருக்கணுமில்ல. செதுக்குன புது சொவத்துலதான் பச்சைக்குருவி வரும். பழைய சொவரு மழைல கரைஞ்சி சரிவாயிடும், புல்லு மொளைக்கும், பாம்பும் உடும்பும் ஏறும். அதுல அது பொந்து போடாதுங்க. அதுங்க வந்துட்டா நாங்க அந்தப் பக்கம் ஆடி வரைக்கும் கை வைக்க மாட்டோம். பொந்து போட்ட மண்ணு பொல பொலன்னு கொட்டும். எதிர்ப்பக்கம் வெட்டிக்குவோம்."

"இதை எங்க எழுதறது?" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பாதிப்புன்னு மட்டும் எழுதிடாதீங்க. எங்க பொழப்பே இதுதான்" என்றார்.

'மற்றவை' கட்டத்தில் டிக் போட்டு, அவர் சொன்னதை ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன். அந்தக் குழியில் மற்றவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். எல்லாம் பழுப்பு நோட்டுக்குப் போயிற்று. பச்சை நோட்டில் அதே சுவரின் எண்கள் இருந்தன. புதிதாகச் செதுக்கிய பக்கத்தில் பொந்து நிறைய, பழைய பக்கத்தில் அனேகமாக இல்லை. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தால் ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். நான் விரிக்கவில்லை.

மூன்றாம் வருஷம் அட்டவணை போட்டேன். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கேட்ட மற்ற எல்லோரையும் வைத்துப் பார்க்கையில் 'மற்றவை' என்று சொன்னவர்கள் ரொம்பக் கொஞ்சம். அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் புள்ளியியல் கணக்கு நிற்காது. சாரிடம் கொண்டுபோனேன். மூடி நிமிர்ந்து நின்றது.

"இது என்ன, ஒரு வரிசையில ரெண்டு, மூணுன்னு?"

"மண் வெட்டறவங்க சார். வெட்டறதாலதான் பறவை வருதுன்னு சொல்றாங்க."

"எவிடன்ஸ் என்ன? வெட்டாத குழி ஒண்ணை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தியா?"

"இல்ல சார். அதுக்கு இன்னும் ஒரு சீசன் வேணும்."

"உதவித்தொகை எப்ப முடியுது?"

"பங்குனியில சார்."

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். "பாதிப்பு எவ்வளவுன்னு கேட்டா அளவு சொல்லலை. அப்ப அவங்களுக்குத் தெரியலைன்னுதான் அர்த்தம். 'தெரியாது'வோட சேர்த்துடு" என்றார். மூடியை மாட்டினார்.

சேர்த்தேன். அந்தக் குழியைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் தெரிந்த மனிதர்களை 'தெரியாது' என்று என் கையாலேயே எழுதினேன். சார் சொன்னார் என்று பழியை அவர் மேல் போடலாம்; இத்தனை வருஷம் மனசுக்குள் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சார் அந்தக் குழியைப் பார்த்ததில்லை. நான் மூன்று வருஷம் அதில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயம். அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார், இன்னொரு வருஷம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் பரிந்துரை எழுதியாக வேண்டும். 'மண் வெட்டுவதை முற்றிலும் நிறுத்தி, குழியைச் சுற்றி வேலியிட்டு, பறவைகள் இனப்பெருக்கம் செய்யும் இடமாகப் பாதுகாக்கலாம்' என்று எழுதினேன். படிக்க ரொம்ப அழகாக இருந்தது. அதன் பிரதி பணம் கொடுத்தவர்களுக்குப் போய், அங்கிருந்து மண் வெட்ட அனுமதி வழங்கும் அலுவலகத்துக்கும் போயிற்று. அங்கே யாருக்கோ அது பிடித்துவிட்டது. குழியை மூடி வேலி போடப் போகிறார்கள், அடுத்த வருஷத்துக்கு அனுமதி புதுப்பிப்பது சந்தேகம் என்று குழியில் பேச்சு அடிபட ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் என் வாய்மொழித் தேர்வு வந்தது. அது பொதுவில் நடக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. நடைமுறையில் துறைப் பிள்ளைகள் வந்து வருகைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சமோசா சாப்பிட்டுப் போவார்கள். நான் பெருமையோடு கலியனையும் கூப்பிட்டேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பை வறுத்த மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் நான் ஆங்கிலத்தில் பேசியதை அசையாமல் கேட்டார்.

புறத்தேர்வாளர் வடக்கேயிருந்து வந்தவர், தமிழ் சுத்தமாகத் தெரியாது. நல்ல மனிதர். என்னைப் பாராட்டிவிட்டு, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். வழக்கமாக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கடைசி வரிசையில் கலியன் எழுந்து நின்றார்.

"ஒரே ஒரு சந்தேகங்க. குழிய மூடி வேலி போட்டுட்டா, வருஷா வருஷம் சொவர செதுக்கறது யாருங்க? செதுக்கலன்னா குருவி எப்டிங்க வரும்?"

புறத்தேர்வாளர் என்னைப் பார்த்து, அவர் என்ன கேட்கிறார் என்றார். சார் என்னைப் பார்த்தார். அவர் கையில் பேனா இருந்தது, மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அந்த நல்ல மனிதர் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். பரிந்துரையைத் திருத்து, இன்னொரு சீசன் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருப்பார். ஆறு குடும்பம் பிழைத்திருக்கும், சுவர் பிழைத்திருக்கும். எனக்கு ஒரு வருஷம் போயிருக்கும்.

"மண் வெட்டுவது நின்றுபோனால் தங்கள் பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் உருக்கமாகத் தலையாட்டினார். நியாயமான கவலை, மாற்று வேலைவாய்ப்பு பற்றிப் பரிந்துரையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்றார். அவர் தலையாட்டியதைப் பார்த்துக் கலியன் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் ஒரு வாக்கியத்தில் செய்தேன். தமிழ் தெரிந்தவர்கள் அந்த அறையில் பத்துப் பேராவது இருந்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. தேர்வு முடிந்ததும் கலியன் என்னிடம் வந்து, "நல்லா பேசுனீங்க டீச்சரம்மா, தண்ணிபட்ட பாடா இருந்திச்சி" என்று அந்த மல்லாட்டைப் பையை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வேலி வந்தது, பலகையும் வந்தது. அனுமதி போயிற்று. அடுத்த மாசியில் பறவைகள் வந்தன, பழைய செதுக்கல் இன்னும் மிச்சமிருந்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள். அதைக் காட்டித்தான் வேறு ஊரில் எனக்குக் கல்லூரி வேலை கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷம் வந்தவை கொஞ்சம். மூன்றாம் வருஷம் போனபோது மழையில் சுவர் கரைந்து சரிந்து, சரிவெல்லாம் சீமைக்கருவேல். ஒரு பறவை இல்லை. நூல் கட்டிய முளைகளில் ஒன்றிரண்டு மட்டும் மண்ணில் துருத்திக்கொண்டிருந்தன. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கலியன் குடும்பம் கட்டட வேலைக்குச் சென்னைப் பக்கம் போய்விட்டதாகத் தோப்புக்காரர் சொன்னார்.

சாரிடம் போய்ச் சொன்னேன். திருத்தம் ஒன்று எழுதி வெளியிடலாமா என்று கேட்டேன். "பட்டம் வாங்கியாச்சு, வேலையும் கிடைச்சாச்சு. அடுத்த ஆய்வைப் பாரும்மா" என்றார். அவர் குரல் அன்று கொஞ்சம் இறங்கியிருந்தது. நானும் அடுத்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் அந்த ஆய்வேட்டிலிருந்து வெளியிட்ட கட்டுரையைத்தான் பட்டியலில் முதலில் எழுதினேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன். பணி ஓய்வு விழாவில்கூட அதைச் சொல்லித்தான் சால்வை போர்த்தினார்கள்.

மாணவிகள் வந்துபோன மறுவாரம் விருத்தாசலம் போய் விசாரித்தேன். கலியன் ஊருக்குத் திரும்பி வந்து பல வருஷம் ஆயிற்றாம். வேப்பூரில் சென்னை - திருச்சி ரோட்டோரம் ஒரு ஓட்டலில் வேலை. பஸ் ஏறிப் போனேன். கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு, கார்களைக் கைகாட்டி உள்ளே நிறுத்திக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"டீச்சரம்மாதானே?"

ஓட்டல் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள், மனைவிக்கு முட்டி வலி என்றார். நான் வந்த விஷயத்தைத் தொடங்குமுன் அவரே கேட்டார்.

"அன்னிக்கு அந்தக் காலேஜில கோட்டு போட்டுக்கிட்டு இருந்தாரே ஒரு பெரியவரு, நான் கேட்டதுக்குத் தலைய ஆட்டுனாரே, அவரு என்னாம்மா பதிலு சொன்னாரு? எனக்கு வெளங்கல. வூட்ல கேக்கறப்பல்லாம், யோசிச்சி சொல்றேன்னு சொன்னாருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நீங்க கேட்டதை நான் அவர்கிட்ட சொல்லவே இல்லீங்கண்ணே. உங்க பொழப்புக்கு வேற வேலை ஏற்பாடு பண்ணச் சொல்லிக் கேக்கறீங்கன்னு மாத்திச் சொல்லிட்டேன். சொல்லியிருந்தா எனக்குப் பட்டம் தள்ளிப் போயிருக்கும். நான் பண்ணது பெரிய பாவம்."

ஒரு கார் ஹார்ன் அடித்தது. அவர் எழுந்து போய் அதை உள்ளே நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து, நின்றபடியே என்னைப் பார்த்தார்.

"சரி, அந்த வேலையயாவது ஏற்பாடு பண்ணாங்களாம்மா?"

"இல்லீங்கண்ணே" என்றேன்.